ஆறங்குலச் சிலேட்டு

"இது என்னம்மா, சிலேட்டு மாதிரி இருக்கு?"

சோழவந்தானிலிருந்து மதுரைக்குப் போகும் டவுன் பஸ்ஸில், திருவேடகம் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா, சில நாள் மடியில் பூக்கூடையோடு வரும் அப்பத்தா. புத்தகம் படிக்கிற மெஷின் என்று சொல்வேன். படம் பார்க்கலாமா? முடியாது. போன் பேசலாமா? முடியாது. பாட்டு? அதுவும் கிடையாது. கலராவது வருமா? வராது, கறுப்பு வெள்ளைதான். என்ன விலை என்பார்கள், சொல்வேன். "அம்புட்டு ரூபா குடுத்து வெறும் புத்தகம் மட்டுமா?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அதற்குப் பஸ்ஸில் முழுசாகப் பதில் சொல்ல நேரம் இருப்பதில்லை. மேலக்கால் வந்துவிடும், கூட்டம் ஏறிவிடும். சரி, எழுதிவிடலாம் என்று இன்று உட்கார்ந்தேன்.

நான் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று வந்துவிட்டால் திரும்பும் நேரத்துக்குக் கணக்கே கிடையாது. 2021-ல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதிலிருந்து மாசச் செலவில் ஒரு நல்ல தொகை மிச்சம், ஆனால் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். கம்பியைப் பிடிக்க ஒரு கை போய்விடும். தோளில் பை, பைக்குள் சாப்பாடு, தண்ணீர் பாட்டில். மிச்சமிருப்பது இடது கை ஒன்றுதான். ஐந்நூறு பக்கப் புத்தகத்தை ஒரு கையில் விரித்துப் பிடித்து, துவரிமான் வளைவில் பஸ் சாயும்போது படித்துப் பாருங்கள், கட்டைவிரல் விட்டுப்போகும். ஜன்னல் காற்று வேறு நமக்கு முன்னால் பத்துப் பக்கம் படித்துவிடும்.

இந்த மெஷினுக்குப் பெயர் கிண்டில், அமேசான் கம்பெனி விற்பது. 2017-ல் நான் வாங்கியது அதில் இருந்ததிலேயே விலை குறைந்த மாடல். 5,999 ரூபாய். ஆறங்குலத் திரை, எடை 161 கிராம், அதாவது கால் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிட லேசு. உள்ளே விளக்குக்கூடக் கிடையாது. இடது கையில் பிடித்துக்கொண்டு, அதே கையின் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த பக்கம். அவ்வளவுதான் வேலை. அந்த முதல் வாரத்தில், பள்ளிக்கூடம் முடித்த பிறகு முதல்முறையாக ஒரு நாவலை ஐந்தே நாளில் முடித்தேன். அதை இன்னும் நினைத்துப் பார்க்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வாங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் அப்பா வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்து எடுத்து, ஊருக்குள் ஒரு அச்சகத்தில் கொடுத்து பைண்டு பண்ணி வைப்பார். பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள், காலிகோ முதுகும் கறுப்பு அட்டையுமாக, உள்ளே கதை பாதி, பல்பொடி விளம்பரம் பாதி. அப்படி ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது. அப்பா போன பிறகு ரெண்டு மழைக்காலம் அதை யாரும் திறக்கவில்லை. மூன்றாவது வருசம் திறந்தபோது அட்டைகள் அப்படியே இருந்தன, எடுத்தால் எடையே இல்லை. உள்ளே முழுக்கக் கறையான் மண். எங்கள் பக்கம் வயலும் கொடிக்காலும் வாய்க்காலுமாக எப்போதும் ஈரம்தான், வெற்றிலைக்கு நல்லது, காகிதத்துக்கு ஆகாது. ஒரே ஒரு கட்டு மட்டும் நடுவில் தப்பித்தது. அதில் இருந்தது ஒரு கதையின் பதினேழாவது அத்தியாயத்திலிருந்து இருபத்தாறு வரை. அப்பா கையால் ஓரத்தில் தேதி போட்டிருந்தார். அதைப் பாலிதீன் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியில் இருந்ததை எல்லாம் இந்தச் சிலேட்டில் ஒரு மூலையில் வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது இப்போதும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

போனிலேயே படிக்கலாமே என்று கடையில் கூட வேலை பார்ப்பவர்கள் கேட்பார்கள். படித்துப் பார்த்தேன், ஒரு வருசம். ரெண்டு பக்கம் போவதற்குள் மேலே ஒரு கோடு இறங்கும், கடை குரூப்பில் ஏதோ செய்தி, சித்தி போட்ட காலை வணக்கம், கேஸ் புக்கிங். ஒன்றைத் தள்ளிவிடப் போய் விரல் அதைத் திறந்துவிடும், அப்புறம் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது யோசித்தால் கதையில் யார் செத்தார்கள் என்றே நினைவில் இருக்காது. வெயில் பட்டால் திரையில் என் முகம்தான் தெரியும். போனில் வாசிப்பு என்பது கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது மாதிரி. பார்க்கலாம், பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், எனக்கு வரவில்லை.

இந்த மெஷினின் திரை வேறு சாதி. போன் திரை உள்ளேயிருந்து வெளிச்சம் அடிக்கிறது, இதில் அப்படி எதுவும் இல்லை. இ-இங்க் என்பார்கள். 1990-களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான யோசனை, 1997-ல் அதற்கென்று கம்பெனி ஆரம்பித்தார்கள். திரைக்குள் தலைமுடிப் பருமனில் லட்சக்கணக்கான சின்னச் சின்னக் குமிழ்கள். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் திரவத்தில் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கின்றன, இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். அடியிலிருந்து மின்சாரம் ஒரு பக்கமாகக் கொடுத்தால் வெள்ளை மேலே வரும், மாற்றிக் கொடுத்தால் கறுப்பு மேலே வரும். வந்த துகள் அங்கேயே நின்றுவிடும். வாசலில் கோலப்பொடி விழுந்த இடத்தில் கிடப்பது மாதிரி, அடுத்து யாராவது கூட்டுகிற வரைக்கும் அது கிடக்கும். பக்கம் திருப்புகிற அந்த ஒரு நொடிக்குத்தான் மின்சாரம். அப்புறம் அரை மணி நேரம் அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் திரைக்கு ஒரு சொட்டு செலவு கிடையாது. அதனால்தான் தினம் ரெண்டு மணி நேரம் படித்தும் எனக்கு ரெண்டு வாரத்துக்கு மேல் சார்ஜ் நிற்கிறது. அதனால்தான் வெயிலில் வைத்தால் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. காகிதம் மாதிரி வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தில் தெரிகிற எழுத்து அது.

திரை மெதுவாக மாறும், மாறும்போது ஒரு கறுப்பு மின்னல் அடிக்கும். வீடியோ ஓட்ட லாயக்கில்லை. லாயக்கில்லாததால்தான் ஒரு கதை என் கையில் கதையாகவே இருக்கிறது. புத்தகம் மட்டுமா என்று கேட்ட அக்காவுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான்: ஆமாம்க்கா, மட்டும்தான், அந்த 'மட்டும்'க்குத்தான் ரூபாய் கொடுத்தேன்.

சரி, அதில் என்ன படிப்பது? இங்கேதான் மதுரைக்காரியாக எனக்கு ஒரு பெருமை. 1998 பொங்கலன்று, கணினியில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிவதே பெரிய பாடாக இருந்த காலத்தில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகக் கொடுக்க ஒரு வேலையைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் மதுரைத் திட்டம். சங்கம் இருந்த ஊர் என்பதால் எங்கள் ஊர்ப் பெயர். உலகத்தில் எங்கெங்கோ இருந்த தமிழர்கள், சம்பளம் வாங்காமல், வரி வரியாகத் தட்டச்சு செய்து, ஒருவர் அடித்ததை இன்னொருவர் பிழை திருத்தி, நூற்றுக்கணக்கான நூல்களை ஏற்றியிருக்கிறார்கள். முதலில் தனி எழுத்துரு வேண்டியிருந்தது, அப்புறம் எல்லாம் எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரிகிற யூனிகோடு முறைக்கு வந்தது. அதிலிருந்து இறக்கித்தான் நான் மதுரைக்காஞ்சியைப் படித்தேன். 782 அடி, மாங்குடி மருதனார் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பற்றிப் பாடியது. அதில் பகல் கடைத்தெருவுக்கு நாளங்காடி என்றும் இரவுக் கடைத்தெருவுக்கு அல்லங்காடி என்றும் பெயர். ராத்திரி எட்டரைக்குக் கடையைப் பூட்டிவிட்டு மாசி வீதியில் நடந்து வரும்போது, பருத்திப்பால் வண்டி, பரோட்டாக் கல் சத்தம், லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே அந்தச் சொல்லை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அல்லங்காடி. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின சொல், என் வீட்டுக்குப் போகிற வழிக்குப் பொருந்தி நிற்கிறது. பாட்டு முழுக்கப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன், உரை இல்லாமல் நாலு வரி தாண்டுவது கஷ்டம். ஆனால் பையில் இருந்தது, தினமும் பத்துப் பத்து வரியாகப் படிக்க முடிந்தது.

அதேபோல ஃப்ரீதமிழ்இபுக்ஸ் என்ற தளம், 2013-லிருந்து ஆர்வலர்கள் நடத்துவது. எழுதியவர்களே பகிரச் சம்மதித்த புத்தகங்கள் அங்கே இருக்கின்றன. அதில் ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஒவ்வொரு புத்தகத்தையும் மற்ற வடிவங்களோடு சேர்த்து 'ஆறங்குல பிடிஎஃப்' என்று தனியாகக் கொடுத்திருப்பார்கள். பழைய கிண்டில்களில் தமிழ் கட்டம் கட்டமாக வரும், கொம்பு தன் எழுத்தை விட்டு விலகிப் போய் நிற்கும். அப்படிப்பட்ட மெஷின் வைத்திருந்தவர்களுக்காக, பக்கத்தையே படமாட்டம் ஆறங்குலத்துக்கு வெட்டிக் கொடுத்தார்கள். என் சிலேட்டின் அளவுக்கு யாரோ முன்பின் தெரியாதவர் சட்டை தைத்து வைத்திருக்கிறார் என்று தோன்றும். அமேசான் தன் கடையில் தமிழைச் சேர்த்தது 2016 டிசம்பரில்தான். அதற்கு முன்னாலேயே இவர்கள் தமிழை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அப்புறம் நாட்டுடைமை நூல்கள். 1949-ல் அரசு பாரதி படைப்புகளின் உரிமையை வாங்கியதில் தொடங்கிய வழக்கம், இன்று எத்தனையோ எழுத்தாளர்களின் புத்தகங்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அச்சிடலாம். ஆக மெஷினுக்குக் கொடுத்த காசுதான் காசு. பஸ்ஸும் இலவசம், புத்தகமும் இலவசம், இடையில் ஒரு மணி நேரம் எனக்கே எனக்கு.

அச்சுப் புத்தகத்தை விட்டுவிட்டேனா என்றால் இல்லை. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா வந்தால் ஒரு நாள் லீவு போட்டுப் போவேன். சின்னப் பதிப்பகங்கள் போடுகிற நல்ல புத்தகம் பாதி மின்வடிவில் வருவதே இல்லை. புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே போவதும் உண்டு.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களை ஆறங்குலத்தில் படிக்கவே முடியாது, எழுத்து எறும்பு மாதிரி ஊரும், பெரிதாக்கினால் பாதி வரி வெளியே போய்விடும். என்னுடைய முதல் மாடலில் அங்குலத்துக்கு 167 புள்ளிதான், சின்ன எழுத்தில் வைத்தால் ணகரத்துக்கும் னகரத்துக்கும் கண் தடுமாறும். தமிழுக்கே உள்ள ஒரு சிக்கலும் இருக்கிறது, 'சொல்லிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று ஒரு சொல் வந்தால் அது ஒன்றே ஒரு வரியை அடைத்துக்கொள்ளும், முந்தின வரியில் ரெண்டு சொல்லுக்கு நடுவே மாட்டு வண்டி போகிற அளவுக்கு இடைவெளி விழும். எனக்கு அது பழகிவிட்டது.

பழகாத விஷயம் வேறு. காசு கொடுத்து வாங்கிய மின்நூலைப் பக்கத்து வீட்டு அத்தைக்குப் படிக்கக் கொடுக்க முடியாது. அம்மா ஒரு வாரப் பத்திரிகை வாங்கினால் அது தெருவில் நாலு வீடு சுற்றிவிட்டு, அட்டை கிழிந்துதான் திரும்பி வரும். அப்படிப் படித்து வளர்ந்தவளுக்கு இது பெரிய குறை. கொடுத்தவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். 2009-ல் அமெரிக்காவில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி ஜார்ஜ் ஆர்வெல்லின் ரெண்டு நாவல்களை, வாங்கியவர்களின் கிண்டிலுக்குள்ளேயே புகுந்து அமேசான் அழித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், அப்புறம் வருத்தமும் தெரிவித்தார்கள். ஆனாலும் அலமாரியில் வைத்த புத்தகத்தை ராத்திரியில் யாரோ வந்து எடுத்துப்போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால் இலவச நூல்களை எல்லாம் காலிபர் என்ற மென்பொருளில் போட்டு, வீட்டுப் பழைய லேப்டாப்பிலும் ஒரு பென்டிரைவிலும் வைத்திருக்கிறேன். கோவித் கோயல் என்பவர் 2006-ல் தொடங்கியது, அதுவும் இலவசம்தான். கறையான் ஏறாத டிரங்குப் பெட்டி ஒன்று எனக்கும் வேண்டுமல்லவா?

அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

2021 கடைசியில் அம்மாவுக்கு ரெண்டு கண்ணிலும் அடுத்தடுத்துப் புரை ஆபரேஷன். உள்ளே வைக்கிற லென்ஸ், மதுரையிலேயே ஆரோலேப் என்ற நிறுவனம் 1992-லிருந்து மலிவாகச் செய்து உலகம் பூராவும் அனுப்புகிறதே, அந்த மாதிரி சாதாரண லென்ஸ்தான். தூரத்துப் பார்வை பிரமாதமாக வந்துவிட்டது. வாசலிலிருந்தே பஸ் போர்டைப் படித்தார். ஆனால் அந்த லென்ஸ் நம் கண் மாதிரி கிட்டப் பார்வைக்கு வளைந்து கொடுக்காது, படிக்கத் தனிக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி போட்டும் பத்திரிகை எழுத்தை அம்மாவால் ரொம்ப நேரம் படிக்க முடியவில்லை. ரெண்டு மாசம் பேப்பரை எடுப்பார், விரிப்பார், மடித்து வைத்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சிலேட்டை எடுத்து, எழுத்தை மேலே மேலே ஏற்றி, ஒரு வரிக்கு ரெண்டு மூணு சொல் வருகிற அளவுக்கு வைத்துக் கையில் கொடுத்தேன். அம்மா கண்ணாடியைக் கழற்றினார், கையைச் சற்றே தள்ளிப் பிடித்தார், உதடு அசைந்தது. நிமிரவே இல்லை. பக்கம் முடிந்ததும், காகிதப் பழக்கத்தில், ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு எச்சில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். ஈரத்தில் ரெண்டு பக்கம் சேர்ந்து ஓடிவிட்டது.

"ஏத்தா, இது பாட்டுக்கு ஓடுது."

எச்சில் வேண்டாம்மா என்று சொல்லிக் கொடுத்தேன். இன்று வரை விரல் ஒருமுறை நாக்குக்குப் போய், நினைவு வந்து, முந்தானையில் துடைத்துக்கொண்டுதான் திரைக்கு வரும். அன்றிலிருந்து அது அம்மாவுடையது. விளக்கு இல்லாத மாடல் என்பது அம்மாவுக்குக் குறையே இல்லை. திண்ணையில் பதினோரு மணி வெயில் வந்து விழுகிற இடத்தில் உட்கார்ந்து படிக்கிறார், அந்த வெளிச்சத்தை எந்தக் கம்பெனி விளக்காலும் கொடுக்க முடியாது. கீழே மூலையில் எவ்வளவு படித்தோம் என்று சதவீதம் காட்டும். பால் சொசைட்டியில் வருசக்கணக்காகக் கொழுப்பு அளவைப் பார்த்துப் பழகிய அம்மாவுக்கு அது உடனே பிடித்துப்போனது. நான் செருப்பைக் கழற்றும்போதே "இன்னிக்கு முப்பத்தேழு" என்பார்.

எனக்கு வேறு ஒன்று வாங்கினேன், அடுத்த அடிப்படை மாடல், உள்ளே விளக்கு உண்டு, 7,999 ரூபாய். ராத்திரி பஸ்ஸின் மங்கல் வெளிச்சத்துக்கு அது தேவைப்பட்டது. பதினோரு மாசம்தான். ஒருநாள் கூட்டத்தில் பை நசுங்கி, எவர்சில்வர் டிபன் பாக்ஸின் விளிம்பு திரையில் அழுந்திவிட்டது. வெளியே கீறல்கூட இல்லை, உள்ளே திரையின் கீழ்ப்பாதி முழுக்கக் கோடு கோடாக உறைந்துபோனது. டவுன்ஹால் ரோட்டில் மூணு கடை ஏறி இறங்கினேன், ஸ்கிரீன் கிடைக்காது, கிடைத்தாலும் புதுசு விலை ஆகும் என்றார்கள். அன்று ராத்திரி அழுதேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. இப்போது வைத்திருப்பது ஒருவர் பயன்படுத்தி விற்றது, 3,500 ரூபாய்க்கு வாங்கினேன், பின்பக்கம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, மற்றபடி அருமை. கெட்டி அட்டை உறை போட்டு, டிபன் பாக்ஸுக்குத் தனிப்பை எடுத்துப் போகிறேன். வாங்குகிறவர்களுக்கு என் ஒரே யோசனை அதுதான், மெஷின் வாங்கும் அன்றே உறையும் வாங்கிவிடுங்கள். பேனாவால் எழுதுகிற மாடல், கலர் மாடல், பத்தங்குல மாடல் எல்லாம் இப்போது வந்துவிட்டன, விலை மூணு மடங்கு, நாலு மடங்கு. கதை படிக்க அது எதுவும் தேவையில்லை. 2007-ல் முதல் கிண்டில் வந்தபோது விலை 399 டாலர், அதைவிடத் தெளிவான திரை இன்று ஜவுளிக் கடைச் சம்பளத்துக்குள் வருகிறது. அதற்கு மேலே ஏறிப் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா உள்ளேயிருந்து கூப்பிடுகிறார். நாளைக்கு எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்டு இருக்காது. டிவி கிடையாது, மிக்ஸி கிடையாது, மாவு இன்றைக்கே அரைத்தாயிற்று.

"ஏத்தா, இது தொண்ணூத்தாறுக்கு வந்துருச்சு. நாளைக்குக் காலைலயே முடிஞ்சிரும். அடுத்ததுல ஏதாச்சும் பெருசா போட்டுக் குடுத்துட்டுப் போ."

லேப்டாப்பை மூடுவதற்கு முன்னால் அதை ஏற்ற வேண்டும். நாலு பாகமாக ஒன்று இருக்கிறது.